டாங்க் என்னும் சொல்லும் சீனன்குடாவில் அது தாங்கும் பொருள்களும்

பாயிரம்

ஒரு சொல்லின் பிறப்பை ஆராயப் புகுவோர் அச்சொல் குறிக்கும் பண்டம் எங்கே குவிந்து கிடக்கிறதோ அங்கே போய் நின்று பார்ப்பதே முறை என்றாலும், சொல்லாராய்ச்சி பெரும்பாலும் நாற்காலியை விட்டு எழாமலே செய்யப்படும் தொழிலாகிவிட்டபடியால், 'டாங்க்' என்னும் எளிய ஆங்கிலச் சொல்லின் பொருள்களுள் முக்கியமானவற்றை ஒரே நாளில் கண்ணால் கண்டு திரும்பத்தக்க சீனன்குடாவைச் சொல்லாராய்ச்சி உலகம் பொருட்படுத்தவே இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில் உள்ள அவ்வூரின் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிவைத்துவிட்டுப் போன எண்ணெய் டாங்குகள் 99 நிற்கின்றன. அவ்வூர் வீடுகளின் பின்புறத்தில் கறுப்புப் பிளாஸ்டிக்கால் ஆன தண்ணீர் டாங்குகள் நிற்கின்றன. 1927-இல் திறக்கப்பட்ட தொடருந்துப் பாதையில் ஏறி உள்நாட்டை நோக்கிப் போனால், இலங்கை ஆங்கிலம் 'டாங்க்' என்றே அழைக்கும் கந்தளாய்க் குளம் வருகிறது. நீரையும் எண்ணெயையும் ஒரே சொல்லுக்குள் ஊற்றிவைக்கும் துணிவு ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதே இவ்வாய்வின் பொருள்.

எண்ணெய் என்பது எள்ளின் நெய் என்று பிரியுமென்றும், கப்பல் எரிபொருளில் எள் ஒன்றுகூட இல்லையாதலால் 'எண்ணெய் டாங்க்' என்னும் தொடரே வழுவென்றும் தொடக்கத்திலேயே தடைசொல்லக்கூடிய அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறுமொழி சொல்லத் தொடங்கினால் டாங்குக்கு வந்து சேர இயலாது என்பதால், அவர்கள் இந்தப் பத்தியோடு விடைபெறலாம்.

இயல் ஒன்று: இடம்

ஊர்ப்பெயரைச் செய்தித்தாள்கள் ஒரு நாள் சீனக்குடா என்றும் மறுநாள் சீனன்குடா என்றும் எழுதுகின்றன. குடா என்பது கடல் நிலத்துக்குள் வளைந்து புகுந்த இடம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தகராறு முழுவதும் னகர ஒற்றில்தான் இருக்கிறது. சீனக்குடா என்றால் சீனத்தோடு தொடர்புடைய குடா என்று பொருள்பட்டு ஒரு நாடே அதற்குள் அடங்கிவிடும். சீனன்குடா என்றாலோ ஒரே ஒரு சீனனுடைய குடா என்றாகி, அந்தச் சீனன் யார், எந்தக் காற்றுக்கு வந்து ஒதுங்கினான், ஊர் திரும்பினானா என்ற கேள்விகள் அத்தனையும் அந்த ஓர் எழுத்தின் தலையில் ஏறிக்கொள்ளும். இவ்வாய்வு அந்த ஒருவனுக்கு மரியாதை கொடுத்து ஒற்றோடு கூடிய வடிவத்தையே பின்பற்றுகிறது. சீனன் பெயரைச் சூடிய குடாவில் பிரித்தானியர் கட்டி, ஜப்பானியர் குண்டு போட்டு, இந்திய நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, இலங்கையர் வழக்காடிய ஒரு பண்டத்துக்கு எந்த மொழியில் பெயர் இருக்கவேண்டும் என்பது எளிய கேள்வி அன்று என்பதை இடப்பெயரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

இயல் இரண்டு: எழுத்து

தமிழில் டகரமும் ரகரமும் சொல்லின் முதலில் வாரா என்பது தொல்காப்பியம் தொட்டு நன்னூல் வரை மாறாத விதியாக இருக்க, ஆங்கில டாங்கைத் தமிழ்நாட்டார் டகரத்திலும் ஈழத்தவர் ரகரத்திலும் தொடங்கி எழுதுவதால், பாக்குநீரிணையின் இரு கரைகளும் இவ்விதியை ஆளுக்கொரு பக்கமாக மீறுவதில் சமநிலை எய்தியுள்ளன. டயர் என்பது ரயர் ஆகும் இடத்தில், டிக்கெட் என்பது ரிக்கற் ஆகும் இடத்தில், டிவி என்பது ரீவி ஆகும் இடத்தில் டாங்க் என்பது ராங்கி ஆவதை எவராலும் தடுக்க இயலாது. சோவியத்து நாட்டில் பிறந்து இலங்கைப் படைக்கு வந்துசேர்ந்த கவச ஊர்தியும் இந்த முறைப்படி 'ரி-55 ராங்கி' என்றே எழுதப்பட்டது.

இங்கே ஓர் இடர் உண்டு. ராங்கி என்னும் சொல் பொதுத்தமிழில் இறுமாப்பு, வீம்பு, எடுத்தெறிந்து பேசும் குணம் என்னும் பொருள்களில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. எனவே சீனன்குடாவில் காலை ஆறரை மணிக்குக் கிணற்றடிப் பக்கமிருந்து எழும் கீழ்க்காணும் வாக்கியத்தை எவ்வாறு பொருள் கொள்வது என்பதில் கவனம் வேண்டும்:

"இஞ்சேருங்கோ, ராங்கி நிறைஞ்சு வழியுது, மோட்டரை நிப்பாட்டுங்கோ!"

இதைச் சென்னையில் இருந்தபடி ஆராயும் உரையாசிரியர், மனைவி தன் இறுமாப்பு அளவுகடந்துவிட்டதைத் தானே ஒப்புக்கொண்டு, அதனைத் தணிக்கக் கணவன் ஒரு பொறியை நிறுத்தவேண்டும் என்று வேண்டுவதாக உரை எழுதுவார். மோட்டர் என்பது கணவனின் பேச்சுக்கு ஆகுபெயர் என்று அடிக்குறிப்பும் இடுவார். நேரில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது வேறு. நான்கு சீமெந்துத் தூண்களின் மேல் கறுப்பு உருளை ஒன்று இருக்கிறது. அதன் மூடி காற்றில் பறக்காதிருக்க மேலே ஒரு செங்கல் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளேயுள்ள மிதவை வால்வு என்றைக்கோ பழுதாகி, வெளிவழிக் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் தூணைத் தழுவி இறங்கி, கீழேயிருக்கும் வாழைக்குப் பாய்கிறது. வாழை செழிப்பாக இருக்கிறது என்பதிலிருந்து மோட்டர் உரிய நேரத்தில் நிறுத்தப்படும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை என்பது பெறப்படும்.

சொல்லின் முதலில் ரகரம் வந்தால் அதன் முன் இகரம் சேர்க்கவேண்டும் என்னும் மரபுப்படி இதனை 'இராங்கி' என்று எழுதுவோரும் உளர். அவ்வாறு எழுதுவதால் கசிவு நிற்பதில்லை.

டகரத்தையும் ரகரத்தையும் விட்டுத் தகரத்தில் தொடங்கினால் மட்டுமே இலக்கணத்துக்கு உடன்பாடாகும். அவ்வாறு தொடங்கினால் கிடைப்பது 'தாங்கி'. இலங்கையில் பாடநூல்களும் அரசாங்க அறிவித்தல்களும் நீர்த்தாங்கி என்றும் எண்ணெய்த் தாங்கி என்றும் இதனையே எழுதுகின்றன. விதிக்குக் கட்டுப்பட்ட இந்த நல்ல சொல்லே பின்வரும் கலகங்கள் யாவற்றுக்கும் காரணமாகியது.

இயல் மூன்று: பிறப்பு

கலகத்துக்குள் புகுமுன், உண்மையில் இச்சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நன்று. சுருக்கமாகச் சொல்வதற்கு அது சுவையற்றது என்பதன்றி வேறு காரணம் இல்லை.

இந்தியாவின் மேற்குக் கரையில், குறிப்பாகக் குஜராத்திலும் மராட்டியத்திலும், நிலத்தடியில் மழைநீரைச் சேர்த்துவைக்கும் தொட்டியைக் குறிக்க 'டாங்கு', 'டாங்கே' போன்ற ஒலியுடைய சொற்கள் வழங்கின. அதே கரையில் வந்திறங்கிய போர்த்துக்கேயரிடம் குளத்தைக் குறிக்கத் 'தங்கே' என்னும் சொல் ஏற்கெனவே இருந்தது. அது தேங்கிய நீரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. ஆகவே அயலூரான் ஒருவனைப் பார்த்து உள்ளூரான் தன் சொல்லைச் சொல்ல, அயலூரான் அதைத் தன் சொல்லென்றே நினைத்துத் தலையாட்டியிருக்கவேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் வந்தபோது இருவரும் ஒரே ஒலியைச் சொல்லிக் குளத்தைக் காட்டினார்கள், அவர்களும் எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதற்பொருள் இரும்புப் பெட்டியன்று, இந்திய நாட்டுக் குளமே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. கந்தளாய் 'டாங்க்' என்று கேட்டு இலண்டனிலிருந்து வந்தவர் இரும்பைத் தேடுவதும், கண்முன்னே கடல்போல் நீர் விரிந்து கிடப்பதைக் கண்டு விழிப்பதும் அவருடைய மூதாதையரின் சொல்லை அவரே மறந்ததன் விளைவாகும். சென்னையில் 'நீண்ட டாங்க்' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுப்பப்பட்டது. அங்கே பண்டம் போனது, இலண்டனில் பொருள் போனது.

ஹென்றி யூலும் ஆதர் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, டாங்க் என்பது இந்தியாவிலும் ஐரோப்பாவிலுமாக இரட்டைப் பிறப்பு உடையதுபோல் தோன்றிக் குழப்பும் சொற்களுள் ஒன்று என்ற கருத்தை முன்வைக்கிறது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல் நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். முகரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்னும் ஓலத்தை ஆங்கிலச் சிப்பாய்கள் திரித்துச் சொன்ன வடிவத்தையே நூலின் தலைப்பாக வைத்தவர்கள், தாங்கள் செய்வது எத்தகைய தொழில் என்பதை அட்டையிலேயே ஒப்புக்கொண்டார்கள். பிற்காலத்துச் சொற்பிறப்பாளர்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ளாமல் விட்டது இந்த ஒன்றைத்தான்.

வடமொழித் தடாகத்தோடு குஜராத்திச் சொல்லை இணைத்துப் பார்ப்போரும் உண்டு. தடாகம் தமிழிலும் உண்டு. இந்த ஒரு வரியை எழுதியவுடனேயே தூரத்தில் ஆரவாரம் கேட்கத் தொடங்குகிறது.

இயல் நான்கு: கட்சிகள்

டாங்க் என்பது தமிழ்ச் சொல்லே என்று நிறுவியவர்கள் மூன்று கட்சியினர். மூவரும் ஒரே முடிவுக்கு வந்தவர்களாயினும், வந்த வழி வெவ்வேறாகையால் ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லை.

முதற்கட்சியினர் தாங்கியார். தாங்கு என்னும் வினையடியோடு இகர ஈறு சேர்ந்து தாங்கி என்னும் பெயர் பிறந்ததென்றும், சுமைதாங்கி, இடிதாங்கி என்பன அதன் உடன்பிறப்புகள் என்றும், யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் கேணியும் அருகருகே அமைந்திருப்பதால், கேணியைக் காட்டிக் கேட்ட வெள்ளைக்காரனுக்குச் சுமைதாங்கியின் பெயர் சொல்லப்பட்டுவிட்டதென்றும் இவர்கள் கூறுவர். எவர் சொன்னார், எவர் கேட்டார் என்ற வினாவுக்கு, அக்கேணியடியில் அக்காலத்தில் நின்ற மாடு ஒன்றே சாட்சி என்றும், அது ஆவுரோஞ்சிக்கல்லில் உரசிக்கொண்டிருந்ததால் தெளிவாகக் கேட்டிருக்கும் என்றும் விடை தருகின்றனர். நன்றி சொல்லும் ஆங்கிலச் சொல்லை ஈழத்தில் 'தாங்ஸ்' என்று ஒலிப்பதையும் இவர்கள் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்கள்: உதவி செய்தவரைத் தாங்குவதே நன்றியாம்.

இரண்டாங்கட்சியினர் தேங்கியார். இவர்களுள் பெரும்பாலோர் நீரிணைக்கு அப்பால் இருப்பவர்கள். வங்கியைப் 'பேங்க்' என்றும் நன்றியைத் 'தேங்க்ஸ்' என்றும் சொல்லிப் பழகியவர்கள் ஆதலின் தாங்கியை அவர்களால் தாங்க இயலவில்லை. நீர் தேங்குவதால் தேங்கு, தேங்கு என்பதே டேங்கு, அணையில் நீரைத் தடுப்பது தேக்கம், ஆகவே நீர்த்தேக்கமும் டேங்கும் ஒன்று என்று இவர்கள் வாதிடும்போது கேட்போர்க்கு ஒரு கணம் சரியென்றே தோன்றும். அந்த ஒரு கணத்தோடு நிறுத்தியிருந்தால் இக்கட்சி நிலைத்திருக்கும். ஆனால் வேர்ச்சொல் கண்டவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. தேக்கு மரமும் தேங்குவதால் வந்ததே என்றனர். நீண்ட காலம் ஒரே இடத்தில் தேங்கி நிற்பதாம். தேங்காயும் அவ்வாறே என்றனர். இளநீர் உள்ளே தேங்குவதாம். தேங்காய் என்பது தெங்கின் காய் என்று பள்ளிப்பிள்ளை ஒருவன் சொன்னதற்கு, தெங்குக்கு அப்பெயர் வந்ததே அதன் காயில் நீர் தேங்குவதால்தான் என்று விடையிறுத்தனர். மரம் காயிலிருந்து பெயர் பெற்றது, காய் மரத்திலிருந்து பெயர் பெற்றது. இத்தகைய வட்டத்துக்கு ஆய்வுலகில் சான்றாதாரம் என்று பெயர்.

இவற்றின் உச்சம் டெங்கு வாதம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு தேங்கிய நீரில் முட்டையிடுகிறது. தண்ணீர் டாங்கின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அங்கும் முட்டையிடுகிறது. ஆகவே தேங்கு, டேங்கு, டெங்கு ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் மூன்று நிலைகள் என்றும், முதலாவது காரணம், இரண்டாவது இடம், மூன்றாவது விளைவு என்றும், நோயியலையே வேர்ச்சொல்லுக்குள் அடக்கிய மொழி உலகில் தமிழ் ஒன்றே என்றும் இக்கட்சியினர் நிறுவினர். டெங்கு என்னும் பெயர் கிழக்காபிரிக்காவின் சுவாகிலியிலிருந்து ஸ்பானியர் வழியாகப் பரவியதாகப் பலராலும் கருதப்படுகிறது என்று எடுத்துக்காட்டியபோது, ஆபிரிக்காவுக்கு அச்சொல்லைக் கொண்டுபோனது யார் என்று திருப்பிக் கேட்டனர். வீட்டுக்கு வீடு ஏறி டாங்கின் மூடியைத் தூக்கிக் கைவிளக்கு அடித்துக் கூத்தம்பிகளைத் தேடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரே நடமாடும் சொற்பிறப்பியலாளர் என்று இவர்களில் ஒருவர் ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். அந்த அடிக்குறிப்புக்கு ஓர் அடிக்குறிப்பு இட்டு, பரிசோதகர் விதிக்கும் தண்டப்பணமும் தேங்கு என்பதன் அடியாகவே வந்தது, கட்டாவிட்டால் தேங்கிவிடும் என்றார். அதற்கும் ஓர் அடிக்குறிப்பு இட இடமில்லாமையால் பக்கம் முடிந்தது. அப்பரிசோதகர் செங்கல்லை எடுத்த இடத்தில் திரும்ப வைக்காமல் போவதைப் பற்றி மூன்று கட்சியினரும் மௌனம் சாதிக்கின்றனர்.

மூன்றாங்கட்சியினர் தடத்தார். தமிழில் தடம் என்னும் சொல்லுக்கும் குளம் என்னும் பொருள் உண்டு. தடத்திலிருந்து தடாகம், தடாகத்திலிருந்து குஜராத்திச் சொல், அதிலிருந்து ஆங்கிலம். இவர்களிடம் ஓரளவு நியாயம் இருப்பதாலோ என்னவோ இவர்களை எவரும் கவனிப்பதில்லை.

இவ்வகைப் பணியில் உண்மையான உழைப்புக்கு எடுத்துக்காட்டு ஈழத்திலேயே உண்டு. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் பன்மொழிப் புலமையோடு தொகுக்கத் தொடங்கிய சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி முற்றுப்பெறாமலே நின்றது. அவரைத் தம் முன்னோடியாகக் காட்டும் மூன்று கட்சியினரும், அத்தனை மொழி தெரிந்தவரால் முடிக்க இயலாததைத் தமிழ் மட்டும் தெரிந்த தாம் ஒரு கிழமையில் முடித்ததில் வியப்பெதுவும் காண்பதில்லை. மற்ற மொழிகள் குறுக்கே நின்றதால்தான் சுவாமிகளுக்குத் தாமதமாயிற்று என்கின்றனர்.

நன்னூலார் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக்கி, செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களிலிருந்தும், பதினெண் நிலங்களுள் தமிழ் நீங்கிய பதினேழிலிருந்தும் வருவனவற்றைத் திசைச்சொல் என்றார். குஜராத்திலிருந்து போர்த்துக்கல் கப்பலில் ஏறி, இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து இரும்பாகித் திருகோணமலைக்குத் திரும்பிய சொல்லுக்கு எந்தத் திசை என்பதை அவர் சொல்லவில்லை.

இயல் ஐந்து: பொருள்கள்

குளம். கந்தளாய்க் குளத்தை ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனோடு வரலாற்று நூல்கள் தொடர்புபடுத்த, திருகோணமலைத் தமிழ் மரபு அதனைக் குளக்கோட்டன் கட்டியதாகச் சொல்கிறது. குளமும் கோட்டமும் சேர்ந்தே குளக்கோட்டன் என்னும் பெயர் ஆயிற்று. கோட்டம் இங்கே கோணேசர் கோயில். தான் கட்டியவற்றையே பெயராகக் கொண்ட அரசனை ஆங்கிலத்தில் 'டாங்க் மன்னன்' என்று பெயர்த்தால், கவச ஊர்தியில் வந்து நாட்டைப் பிடித்தவன் என்று பொருள்படும் அபாயம் இருக்கிறது.

கவச ஊர்தி. 1915-இல் பிரித்தானியர் பதுங்குகுழிகளைத் தாண்டும் இரும்பு வண்டி ஒன்றை இரகசியமாகச் செய்யத் தொடங்கியபோது அதற்கு 'நிலக்கப்பல்' என்று பெயர். பெயரே இரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையில் செய்யப்படுவது மெசப்பத்தேமியப் பாலைவனத்துக்கான தண்ணீர் வண்டி என்று கதைகட்டப்பட்டது. தண்ணீர் வண்டி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் கழிப்பறையின் சுருக்கப் பெயராக அமைந்துவிட்டதனாலேயே அப்பெயர் கைவிடப்பட்டதாகவும், குழுவினர் தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்ள மறுத்ததாகவும் சொல்வார்கள். எப்படியோ அவ்வாண்டு டிசம்பரில் 'டாங்க்' என்பது நிலைத்தது. ரஷ்யாவுக்குப் போகும் தண்ணீர்த் தொட்டி என்று நம்பவைக்க, பெத்ரோகிராதுக்குக் கவனமாக அனுப்பவும் என்று ரஷ்ய எழுத்திலும் எழுதிவைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அந்தத் தண்ணீர்த் தொட்டி முதன்முதலாகச் சுட்டது. உலகத்தின் மிக அஞ்சத்தக்க ஊர்திகளுள் ஒன்று மராட்டியத்து மழைநீர்த் தொட்டியின் பெயரால் வழங்குவது ஒரு பொய்யின் மிச்சம்; பொய் மறந்துபோய்ப் பெயர் நின்றுவிட்டது. தாங்கியார் மட்டும் இதனை ஏற்காமல், குண்டைத் தாங்குவதால் தாங்கி என்கின்றனர்.

கையில்லாச் சட்டை. நீச்சற்குளத்தை டாங்க் என்ற காலத்தில் அதில் இறங்குவோர் அணிந்த உடையிலிருந்து வந்தது. சீனன்குடாவில் இதற்குப் பெனியன் என்றே பெயர்.

சிந்தனைக் குழாம். குளத்துக்கும் குழாத்துக்கும் ளகர ழகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் மட்டுமே, இரண்டிலும் தேங்கும்.

மீன் தொட்டி. தொட்டி.

பவுசர். எண்ணெயை ஏற்றிக்கொண்டு வீதியில் ஓடும் டாங்கை இலங்கையர் டாங்கர் என்று சொல்வதில்லை; 1885-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வேனில் மண்ணெண்ணெய்ப் பம்பி செய்த சில்வேனஸ் பவுசர் என்பவருடைய பெயரால் பவுசர் என்கின்றனர். ஓடும் டாங்குக்கு ஒரு மனிதனின் பெயரும் ஓடாத டாங்குக்கு ஒரு குளத்தின் பெயரும் ஏன் என்பது தனி நூலுக்குரியது.

இயல் ஆறு: குதமும் பண்ணையும்

இலங்கைச் செய்தித்தாள்கள் சீனன்குடா எண்ணெய் டாங்குகளை 'எண்ணெய்க் குதங்கள்' என்று எழுதும். தமிழ்நாட்டு வாசகர் இதனைக் கண்டு ஒருகணம் செய்தித்தாளைத் தாழ்த்தி அக்கம்பக்கம் பார்ப்பார்; ஏனெனில் அகராதிகளில் குதம் என்பது உடலின் கடைவாயிலைக் குறிக்கும் வடசொல். 'இந்தியாவுக்குக் குதங்கள் குத்தகை' என்னும் தலைப்பு அவருக்கு ஏற்படுத்தும் கலக்கத்தை இலங்கை வாசகர் புரிந்துகொள்வதேயில்லை. இலங்கையில் குதம் என்பது களஞ்சியம், அவ்வளவே. தமிழ், தெலுங்குக் கிடங்கு மலாய் நாட்டில் குடாங் ஆகி, ஆங்கிலத்தில் கோடவுன் ஆகி, இந்தியில் கோதாம் ஆகி, தமிழ்நாட்டில் குடோன் ஆகித் திரும்பியதாக ஹாப்சன்-ஜாப்சன் வழிவந்தோர் கொள்வர். குதமும் இந்தச் சுற்றுப்பயணத்தின் ஏதோ ஒரு தரிப்பிடத்தில் இறங்கிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தம். ஆனால் குழி, குகை, குடம், குடல், குளம், குடா யாவும் உட்குழிந்தவை ஆதலின் குகரமே குழிவைக் குறிக்கும் என்று கண்ட நான்காவது கட்சியொன்று இப்போது தோன்றியுள்ளது. குன்றும் குவியலும் ஏன் மேலே எழுகின்றன என்று கேட்டதற்கு, அவை தலைகீழான குழிகள் என்று பதில் வந்தது.

ஆங்கிலம் இவ்விடத்தை 'டாங்க் பண்ணை' என்கிறது. பண்ணை என்றதும் விதைப்பும் அறுவடையும் நினைவுக்கு வருவது இயல்பே. வெறுமையாக நின்ற குதங்களைச் சுற்றிப் பல பதிற்றாண்டுகளாக வளர்ந்திருக்கும் காட்டைப் பார்த்தால் ஒருவகை வேளாண்மை நடந்திருப்பதும் தெரியும்: துருவேறிய இரும்புத் தகட்டின்மேல் கொடி படர்ந்திருக்கிறது, அடியில் பாலை மரக் கன்று முளைத்திருக்கிறது. எனினும் பண்ணையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் பயிர் அன்று. இடைக்கால இலத்தீனில் நிலையான கட்டணத்தைக் குறித்து, பிரெஞ்சில் குத்தகையைக் குறித்து, குத்தகைக்கு எடுத்த நிலத்துக்கு ஆகி, அதன் பிறகே உழவோடு சேர்ந்தது. ஆகவே டாங்க் பண்ணை என்பதைச் சொற்பிறப்பு வழுவாமல் மொழிபெயர்த்தால் 'குளக் குத்தகை' என்று வரும். 1987-இல் இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இக்குதங்களின் பெயர் வந்ததும், 2003-இல் 35 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டதும், 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானதும் அந்தப் பழைய இலத்தீன் பொருளுக்கு உயிர்கொடுத்த செயல்களே. வேர்ச்சொல்லுக்கு இத்தனை உண்மையாக நடந்துகொண்ட அரசாங்கங்கள் அரிது.

2022-இன் ஒப்பந்தப்படி 14 குதங்கள் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இருவரும் கூட்டாக அமைக்கும் நிறுவனத்திடமும் என்று பங்கிடப்பட்டன. அரசியல் நோக்கர்கள் இப்பங்கீட்டை அவரவர் விருப்பப்படி விளக்கட்டும். இலக்கண நோக்கில் இது பெயர்ச்சொல் வகைப்பாடு. காரணம் பற்றி வருவது காரணப்பெயர், காரணமின்றி இட்டு வழங்குவது இடுகுறிப்பெயர். எண்ணெயைத் தாங்கும் 14-க்கும் தாங்கி என்பது ஐயமின்றிக் காரணப்பெயர். பல பதிற்றாண்டுகள் வெறுமையாக நின்ற எஞ்சிய 85-உம் ஒன்றையும் தாங்காமலே தாங்கி எனப்பட்டமையால் இடுகுறிப்பெயராயின. அவற்றுள் 24 ஒரு கையாலும் 61 இரு கைகளாலும் காரணப்பெயர் ஆக்கப்படும் என்பதே ஒப்பந்தத்தின் இலக்கணச் சாரம்.

இக்கணக்குக்குள் அடங்காத குதம் ஒன்று உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது விமானமொன்று அதன்மேல் வந்து வீழ்ந்ததாகவும், மூண்ட நெருப்பு ஒரு கிழமை எரிந்ததாகவும் சொல்லப்படுகிறது; உருகி நெளிந்த அதன் இரும்புச் சுவர் இன்றும் காட்டுக்குள் கிடக்கிறது. எண்ணெயும் இல்லை, கூரையும் இல்லை, 99 என்னும் எண்ணிக்கையிலும் இடமில்லை என்பதால் அதனைத் தாங்கி என்னலாகாது என்று தேங்கியார் வாதிட, வானூர்தி ஒன்றையே தாங்கியது அது ஒன்றுதான் என்று தாங்கியார் மறுக்க, தாங்கியது உண்மை, ஆனால் தாங்கவில்லை என்று தடத்தார் முதன்முறையாக வாய்திறந்தனர். மழை பெய்தால் அதன் நெளிவுகளில் நீர் தேங்குகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அங்கே இன்னும் போகவில்லை.